கையில் இருந்தது மனு ரசீது

காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். அப்படியிருந்தும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "இப்போதைக்கு இது போதும்க்கா" என்று சொன்னவன் நான்தான்.

அக்காவுக்குப் பூ வியாபாரம். தவணையில் வாங்கிய எக்ஸ்.எல். வண்டியை விடியற்காலையில் மார்க்கெட் வாசலில் நிறுத்திவிட்டு, மல்லிகை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வண்டியைக் காணோம். நாலு எழுத்து படித்தவன் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். மனுவை நானே எழுதினேன். ஸ்டேஷன் ரைட்டர் கனிவாகத்தான் பேசினார். "எஃப்.ஐ.ஆர். போட்டா கோர்ட்டு, கேஸுன்னு அலையணும்மா. சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன், தேடிப் பார்ப்போம்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகியிருந்தது. ஸ்டேஷனில் நின்று வாதாடத் தயக்கமும் இருந்தது. தலையாட்டினேன்.

வண்டி கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியம் சொல்லி அக்காவை அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மனு ரசீதுங்க. எஃப்.ஐ.ஆர். எங்கே?"

அப்போதுதான் அந்தத் தாளை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். மனுதாரர் பெயர், தேதி, வரிசை எண், முத்திரை. குற்ற எண் இல்லை. சட்டப் பிரிவு இல்லை. திருட்டு நடந்ததாகவே அதில் பதிவில்லை. மனு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. எஃப்.ஐ.ஆர். என்றால் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். புலன்விசாரணை நடத்தி, முடிவை நீதிமன்றத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டும். சி.எஸ்.ஆருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. ரைட்டரின் கனிவுக்குக் காரணம் அங்கேதான் புரிந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பிறகு ஒரு வக்கீலிடம் ஓடினேன். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது என்றார். சில வகைக் குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். இடம் தருகிறது. அதையும் 14 நாளில் முடிக்க வேண்டும். ஸ்டேஷனில் மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். 175(3)-இன்படி அவர் விசாரணைக்கு உத்தரவிட முடியும்.

எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்த சில நாளில் ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஆனால் அதிலிருந்த தேதி, வண்டி தொலைந்து வெகுநாள் கழிந்த தேதி. அந்தத் தாமதத்தையே காரணம் காட்டி இன்சூரன்ஸில் பணம் மறுத்துவிட்டார்கள். இல்லாத வண்டிக்கு அக்கா இன்னும் தவணை கட்டுகிறார். பூக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் போய் வருகிறார். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புகார் கொடுக்கப் போகிறவர்கள் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் கையில் தந்த தாளைப் படித்துப் பாருங்கள். குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருந்தால்தான் அது எஃப்.ஐ.ஆர். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.