டீச்சருக்கு என்ன ஆச்சு?



போன வாரம் என் மருமகள் குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ போட்டாள். அமெரிக்காவில், டிஸ்னி பார்க்கில், பேட்டரி ஸ்கூட்டரில் நான் உட்கார்ந்திருக்கிற போட்டோ. தலையில் பேரனின் தொப்பி, வண்டியின் முன்கூடையில் மஞ்சப்பை. அது எப்படியோ 1987 பேட்ச் குரூப் வரைக்கும் போய்விட்டது. அன்று ராத்திரியிலிருந்து போன் மேல் போன். "டீச்சருக்கு என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா? ஆபரேஷனா?" என் நாத்தனார் அழுதேவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறேன். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

34 வருஷம் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். "உட்கார்ந்து பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும்" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். 2016இல் ஓய்வு பெற்றேன். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். வீட்டுக்குள் நடப்பேன். தெருமுனைக் கடை வரை தடி வைத்துக்கொண்டு போய்வருவேன். அதற்கு மேல் என்றால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். எங்கேயும் போகவில்லை. ஒரு மாணவியின் கல்யாணம், மண்டபம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது என்று தெரிந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் இதைப் படிப்பாள். மன்னித்துக்கொள் அம்மா, அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை.

இந்த ஏப்ரலில் நானும் சாரும் (என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்) அட்லாண்டாவில் மகன் வீட்டில் இருந்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. காரில் ஏழு மணி நேரம் போனால் புளோரிடாவில் ஆர்லாண்டோ, அங்கே வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. இன்று நான்கு பெரிய பார்க்குகள், ஹோட்டல்கள், ஏரிகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். புவியியல் டீச்சர் என்பதால் பரப்பளவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் ராத்திரி சமையல்கட்டில் மகனும் மருமகளும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "அம்மாவால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஹோட்டல் ரூம்லயே இருக்கட்டும். பாவம், கஷ்டப்படுவாங்க." அன்பாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. ஏன் அடைத்தது என்று அப்போது பிடிபடவில்லை.

மறுநாள் ஒன்பது வயதுப் பேரன் வந்து நேராகக் கேட்டான். "பாட்டி, உங்களுக்கு வரணுமா, வேண்டாமா?"

"வரணும்டா" என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

அப்போதுதான் மருமகள் ஸ்கூட்டர் பேச்சை எடுத்தாள். "அத்தை, வாடகைக்குக் கிடைக்கும். ஹோட்டலுக்கே கொண்டுவந்து கொடுப்பாங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் என்ன நொண்டியா?" என்று கேட்டேன். ஆமாம், அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. வகுப்பில் யாராவது அப்படிச் சொன்னால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. சார்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கண்ணு தெரியலைன்னு கண்ணாடி போட்டிருக்கியே, அது மட்டும் என்ன?" என்றார்.

சரி என்றேன்.

வண்டி ஹோட்டலுக்கு வந்தது. நீங்கள் கேட்பீர்கள், அதனால் எப்படி ஓட்டுவது என்று சொல்லிவிடுகிறேன். சாவி போட வேண்டும். கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்புகோல். ஒரு பக்கம் அழுத்தினால் முன்னே போகும், இன்னொரு பக்கம் அழுத்தினால் பின்னே போகும். காலில் பிரேக் கிடையாது. விரலை எடுத்தால் தானாக நின்றுவிடும். பதற்றத்தில் நாம் எல்லோரும் கெட்டியாகப் பிடிப்போம் அல்லவா, இதில் விட்டுவிடத்தான் வேண்டும். அதைப் பழகவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வேகத்துக்கு ஒரு திருகு. ஒரு முனையில் ஆமைப் படம், மறுமுனையில் முயல் படம். பேத்தி பார்த்துவிட்டுக் கைதட்டினாள். நான் நாள் முழுக்க ஆமைப் பக்கம்தான். கூட்டத்தில் முயலாக ஓட்டினால் முன்னால் போகிறவர்களின் குதிகால் நம் பொறுப்பு.

பேத்திக்கு என் மடியில் ஏறிக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும்தான் உட்காரலாம் என்பது விதி. அழுதாள். விதி விதிதான்.

காலையில் பஸ். டிரைவர் சாய்தளத்தை இறக்கினார். ஸ்கூட்டர்காரர்களை முதலில் ஏற்றுகிறார்கள். ஏறிய பிறகு பஸ்ஸுக்குள் வண்டியைத் திருப்பி ஓரமாக நிறுத்த வேண்டும். அதை அவர் பட்டை போட்டுக் கட்டுவார். நான் முன்னே, பின்னே, முன்னே என்று நாலு தடவை முயன்றேன். பின்னால் போகும்போது 'பீப் பீப்' என்று வேறு கத்துகிறது. வெளியே வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். தேர்வு ஹாலில் விடை தெரியாமல் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. டிரைவர் பொறுமையாக, "அவசரமே இல்லை அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஐந்தாவது தடவை நின்றது.

மேஜிக் கிங்டம் உள்ளே போனதும் நீளமான கடைத்தெரு. தெருவில் குதிரை இழுக்கிற டிராமுக்குத் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். அதை நேர்க்குறுக்காகத்தான் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். பேரன் முன்னால் டிராபிக் போலீஸ் போலக் கை காட்டிக்கொண்டே போனான். தெரு முடிவில் 189 அடி உயரத்தில் சிண்ட்ரெல்லா கோட்டை.

அரை மணி நேரத்தில் வெட்கம் குறைந்துவிட்டது. என் கூடையில் தண்ணீர் பாட்டில்கள், பிள்ளைகளின் ஸ்வெட்டர், புளியோதரை டப்பா என்று எல்லாம் ஏறிவிட்டது. குடும்பத்துக்கே நான்தான் பாரவண்டி. ஒரு கடையில் தொப்பிகள் வைத்திருந்தார்கள். யாரையும் கேட்காமல் நானே திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்போதுதான் தோன்றியது, யார் கையையும் பிடிக்காமல், யாரையும் காக்க வைக்காமல், எனக்குப் பார்க்க வேண்டியதை நானே போய்ப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று!

ஸ்கூட்டரில் போனால் வரிசையில் முன்னால் விட்டுவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களில் எல்லோருடனும் அதே வரிசைதான். சில அரங்கங்களில் வண்டியோடே உள்ளே போகலாம். சிலவற்றில் வாசலில் விட்டுவிட்டு இறங்கி நடக்க வேண்டும். இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் என்ற படகுச் சவாரிக்கு நான் தடியை ஊன்றிக்கொண்டு, மகன் கையைப் பிடித்து ஏறினேன். 1964 நியூயார்க் கண்காட்சிக்காக முதலில் உருவாக்கப்பட்டது அது. உலக நாடுகளின் பொம்மைகள் அந்தந்த ஊர் உடையில் பாடும். எந்த நாடு எது என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் எடுத்த முதல் வகுப்பு. வெளியே வந்தால் ஒரே மாதிரி பத்துப் பதினைந்து ஸ்கூட்டர்கள். என்னுடையதை மஞ்சப்பையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

மத்தியானம் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, என் வயதுதான் இருக்கும். சிரித்துக்கொண்டே என் மருமகளிடம் கேட்டார்: "அவங்களுக்கு இந்த வெயில் ஒத்துக்குதா?"

நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். அந்த அம்மாவுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் கேள்வி என் தலைக்கு மேலாகப் போனது. மருமகள் கெட்டிக்காரி. "அவங்களையே கேளுங்க" என்றாள். அந்த அம்மா முகம் சிவந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்டு, பிறகு நாங்கள் முழங்கால் கதை பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமையல்கட்டில் கேட்டது ஏன் நெஞ்சை அடைத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

1987 பேட்ச் பிள்ளைகளே, உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் உங்களை மாமல்லபுரத்துக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் அழைத்துப் போனோம். வண்டலூர் பூங்கா அப்போது திறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. உங்கள் வகுப்பில் ஒரு பையன். சின்ன வயதில் போலியோ வந்து காலில் இரும்புக் காலிப்பர் போட்டிருப்பான். பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். டூருக்கு முந்தின வாரம் அவன் அம்மா அவனையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். நான் அவனை வைத்துக்கொண்டே அந்த அம்மாவிடம் சொன்னேன்: "பூங்காவுல ரொம்ப நடக்கணும்மா. பாவம், கஷ்டப்படுவான். வேண்டாமே." அந்த அம்மா தலையாட்டினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்லது செய்தேன் என்றே நினைத்தேன். 38 பேர் போய்வந்தோம். திரும்பிவந்து வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரு வேலை கொடுத்தேன், நாம் போன வழியை வரைபடமாக வரைந்து வா என்று. அவன் வராதது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை. மறுநாள் அவனும் வரைந்துகொண்டு வந்திருந்தான். ஊர்ப்பெயர்கள், ஏரிகள், பஸ் நின்ற டீக்கடை உட்பட. பிள்ளைகளை விசாரித்து விசாரித்து வரைந்திருக்கிறான். வகுப்பிலேயே நல்ல வரைபடம் அதுதான். பத்துக்குப் பத்து போட்டேன். "வெரி குட்" என்று எழுதினேன். அதற்கு மேல் நான் எதுவும் யோசிக்கவில்லை.

அன்று அவனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "பூங்கா வேண்டாம் டீச்சர், நான் கடற்கரையில உட்கார்ந்திருக்கேன்" என்றிருக்கலாம். "பஸ்ஸில் ஜன்னல் சீட்டு போதும்" என்றிருக்கலாம். "வரலை" என்றும் சொல்லியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது அவன் பதில். அதை நான் சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் வசதி இல்லை என்று நீங்கள் எனக்காகப் பேசுவீர்கள். உண்மைதான். அமெரிக்காவிலேயே இதற்கான பெரிய சட்டம் 1990இல்தான் வந்தது. நம் நாட்டில் 1995இல் ஒரு சட்டம், பிறகு 2016இல் இன்னொன்று. இன்று வண்டலூரில் பேட்டரி வண்டி ஓடுகிறது. மெரினாவில் சக்கர நாற்காலி கடல் வரை போக 2022இல் பாதை போட்டுவிட்டார்கள். இவையெல்லாம் அன்று கிடையாது. ஆனால் ஒரு பிள்ளையைப் பார்த்து "உனக்கு வரணுமா?" என்று கேட்க எந்தச் சட்டமும் எந்தச் சாய்தளமும் தேவையில்லை. என் பேரனுக்குத் தெரிந்தது, பி.எட். படித்த எனக்குத் தெரியவில்லை.

ராத்திரி கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை. முன்னால் எல்லோரும் நின்றதில் எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். பக்கத்தில் ஒருவர் என்னையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். நிற்க முடிகிறவளுக்கு வண்டி எதற்கு என்று நினைத்திருப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன். பத்து நிமிஷம் நிற்க முடியும், பத்து மணி நேரம் முடியாது. அதற்குத்தான் வண்டி. காலையில் என்றால் கூசிப்போயிருப்பேன். ராத்திரி நான் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வானத்தைப் பார்த்தேன்.

வருகிற ஜூனில் ஊருக்கு வருகிறேன். பழனிக்குப் போகிறோம், இந்தத் தடவை ரோப் காரில். கல்யாணமோ, கிரகப்பிரவேசமோ, பேட்ச் சந்திப்போ, கூப்பிடுங்கள். எத்தனை படி, லிஃப்ட் உண்டா என்று கேட்பேன், சொல்லுங்கள். "டீச்சரால முடியாது" என்று நீங்களாக விட்டுவிடாதீர்கள். என்னையே கேளுங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்கிறேன். இனிமேல் காய்ச்சல் வராது.

இன்னொன்று. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். உங்களில் யாருக்காவது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், முதலில் அவனிடம் கேளுங்கள், டீச்சர் பேசணும்கிறாங்க, நம்பர் கொடுக்கலாமா என்று. அவன் சரி என்றால் மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், கமெண்டில் போடாதீர்கள். டீச்சர் வருத்தப்பட்டாங்க என்று நீங்கள் யாரும் அவனிடம் சொல்லவும் வேண்டாம். அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புவியியல் டீச்சர்