மழையில் ஒரு சாரதி

ஐப்பசியில் முதல் மழை இறங்கிய மாத்திரத்தில், பொம்மையார்பாளையத்தின் வழியே புதுவைக்கு விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலை நேற்றிருந்த சாலையாக இருப்பதில்லை. கோடை முழுதும் படிந்த புழுதியும், லாரிகள் சிந்திய எண்ணெயும், தேய்ந்த டயர்களின் ரப்பர்த் தூளும் அந்த முதல் தூறலில் குழைந்து மேலெழும்பித் தாரின்மீது வழுக்கும் படலமாக விரிகின்றன; மழை வலுத்த பிறகு அவை கழுவுண்டு போக, சாலை தன் பிடிப்பில் ஒரு பகுதியையேனும் திரும்பப் பெறுகிறது. பெருமழையைவிடத் தூறலுக்கே அதிகம் அஞ்ச வேண்டும் என்பது இவ்வழியே பஸ் ஓட்டும் அனுபவசாலிகளுக்குத் தெரியும். மோட்டார்ப் பந்தயச் சாரதிகளின் மழைச் சாமர்த்தியத்தைப் பற்றிய என் சிந்தனைகளும் இச்சாலையோரத்திலேதான் உதித்தன.

உலர்ந்த தடத்தில் ஜயிப்பது இயந்திரம், நனைந்த தடத்தில் ஜயிப்பது மனிதன் என்பது பந்தய ரசிகர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் அபிப்பிராயம். இதில் உண்மை இல்லாமலில்லை. வெயில் நாளில் பந்தயக் கார் பூணுவது, நம் போக்குவரத்துக் காவலர் கண்டால் தண்டம் எழுதிவிடக்கூடிய மொட்டை டயர். தரையோடு முழுதும் ஒட்டுவதால் எஞ்சினின் பலம் அத்தனையும் அதன் வழியே பாதையில் இறங்குகிறது. மழையிலோ, டயருக்கும் தாருக்கும் நடுவே நீர் புகுந்து சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. ஆகையால்தான் மழை டயருக்கு ஆழ்ந்த வெட்டுகள் உண்டு. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அத்தகைய டயர் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 85 லிட்டர் நீரை வாரியிறைக்கும் என்பது தயாரிப்பாளர் கூறும் கணக்கு. அப்போதும், பலம் மிகுந்த எஞ்சினை உடையவன் அப்பலத்தில் ஒரு பங்கைப் பயன்படுத்த வழியின்றிக் கால்பெருவிரலால் அளந்து அளந்து மிதிக்க வேண்டியிருப்பதால், ஏழைக் காருக்கும் பணக்காரக் காருக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துபோகிறது.

ஆயினும் எனக்கு இதைவிட விசித்திரமாகத் தோன்றுவது வேறொன்று. வறண்ட நாளில், வளைவுகளில் எல்லாரும் ஓடியோடி ரப்பர் படிந்த அந்த ஒரே தடந்தான் உத்தமமான தடம். மழை பெய்ததும் அந்த ரப்பரே வழுக்கத் தொடங்கிவிடுவதால், முன்பு எவரும் தீண்டாத வெளிப்புறச் சொரசொரப்பைத் தேடிச் செல்பவன் முன்னேறுகிறான். கடலின் நிறம் மாறியவுடன் நேற்று வலை விரித்த இடத்தை மனத்திலிருந்தே அகற்றிவிடும் நம்மூர் மீனவனின் புத்தி இவனுக்கும் வேண்டும். 1984-ஆம் ஆண்டு மொனாக்கோவில், பெயர் பெறாத டோல்மன் காரில் பதின்மூன்றாம் இடத்திலிருந்து கிளம்பிய அயர்டன் சென்னா, கொட்டும் மழையில் பந்தயம் பாதியில் நிறுத்தப்படும்போது இரண்டாம் இடத்தை எட்டியிருந்தார் என்றால், பழக்கத்தைக் கணநேரத்தில் உதறும் இந்த வித்தைக்கு அதில் பெரும்பங்கு உண்டென்றே கருதுகிறேன்.

நம் தமிழ்நாட்டுப் பந்தயமோ வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தது. யுத்தகாலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் நடந்த கூட்டங்கள் பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்து வறண்ட வாரங்களிலேயே நிகழ்ந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்த பின்னும் மழை நமக்கு விருந்தாளியே. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த இரவுப் பந்தயம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வழிவிட்டு, மறு ஆண்டு ஆகஸ்ட் இறுதிக்குத் தள்ளிப்போனதும் நினைவிருக்கலாம். அதிலும் நம் பந்தயச் சாரதி நாராயண் கார்த்திகேயன், மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைமறைவில் ஒதுங்கிய கோயம்புத்தூர்க்காரர். ஈரத்தில் அவர் பெற்ற அப்பியாசமெல்லாம், பிரான்சில் பயிற்சிப் பள்ளியில் கற்று, 1994-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்ற அந்த அந்நிய ஆகாயத்தின் கீழ் கிடைத்ததாகவே இருக்க வேண்டும்.

2005-இல் அவர் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்றின் முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு இண்டியானாபோலிஸில் பெற்ற நான்காம் இடத்தையே பலரும் கொண்டாடுகின்றனர்; டயர்க் கோளாற்றால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, எஞ்சி ஓடியவை ஆறே என்பதை அவர்கள் சொல்வதில்லை. நான் போற்றுவது அவ்வாண்டு சுசுகாவில், தகுதிச் சுற்றில் பெற்ற பதினோராம் இடத்தை. அங்கும் அதிருஷ்டம் துணைநின்றது என்பதை மறுப்பதற்கில்லை. முந்தைய பந்தயத்தில் பின்தங்கியவர் முன்னதாகவும் முன்னணியினர் கடைசியிலும் தனித்தனியே சுற்ற வேண்டும் என்பது அன்றைய விதி; கடைசியாக வந்தவர்கள் தலையில் மழை கொட்டியதால், முன்னணிச் சாரதிகளான அலோன்சோவும் ரைக்கோனனும் நாராயணுக்குப் பின்னே நிற்க நேர்ந்தது. மறுநாள் உலர்ந்த தடத்தில் ரைக்கோனன் பதினேழாம் இடத்திலிருந்து புறப்பட்டுப் பந்தயத்தையே வென்றுவிட்டார்! மழை தரும் வரிசையில் எவ்வளவு கைத்திறன், எவ்வளவு மேகத்தின் தயவு என்று பிரிப்பது எளிதன்று.

2012 மார்ச் 25, மலேசியாவின் செப்பாங். அந்தப் பருவத்தில் நாராயண் ஓட்டிய எச்.ஆர்.டி. கார், கூட்டத்திலேயே மிக மந்தமானது. பெரும்பாலோர் அரைமழை டயரில் புறப்பட, கடைசி வரிசையில் நின்ற அவர் வானத்தை நம்பி முழுமழை டயரிலேயே கிளம்பினார். வானம் பொய்க்கவில்லை, மற்றவர்கள் டயர் மாற்ற ஒதுங்க ஒதுங்க அவர் ஏறினார், ஒன்பதாம் சுற்றில் பந்தயம் நிறுத்தப்பட்டபோது அவர் பத்தாம் இடத்தில் இருந்தார். ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் கார்கள் மழையில் நின்றன. பந்தயம் மீண்டும் தொடங்கியதும் ஜென்சன் பட்டன் அவர்மீது மோதித் தம் முன்சிறகை உடைத்துக்கொண்டார். தடம் உலர உலர, மந்தக் கார் தன் இயல்பான இடத்துக்கு இறங்கியது. இறுதிக் கட்டத்தில் அவரைத் தாண்டிச் சென்ற செபாஸ்டியன் வெட்டலின் டயர் அவர் காரோடு உரசிக் கிழிந்து, நான்காம் இடம் பறிபோயிற்று. வெட்டல் கடிந்து ஏசினார். நடுவர்கள் நாராயணுக்கு 20 விநாடி தண்டம் விதித்தனர். ஒரே நாளில், ஒரே காரில், ஒரே மனிதர் ஈரத்தில் யாராக இருந்தார், வறட்சியில் யாராக ஆக்கப்பட்டார் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி எனக்குக் கிட்டவில்லை.

முக்கால் பங்கு தூரம் ஓடுமுன் பந்தயம் முடிக்கப்பட்டால் பாதிப் புள்ளிகள் என்பது அக்காலத்து விதி. மழை அன்று விடாமல் பெய்து, அந்த வரிசையே முடிவாக நின்றிருந்தால், பத்தாம் இடத்துக்கு அரைப்புள்ளி கிடைத்திருக்கும். அவ்வாண்டு முடிவில் கலைந்துபோன எச்.ஆர்.டி. அணி, தன் ஆயுளில் ஈட்டிய ஒரே செல்வமாக அது இருந்திருக்கும்.