தேக்கடியில் மூங்கில் தெப்பம்

தேக்கடி என்றாலே நமக்கெல்லாம் மோட்டார் படகுதான் ஞாபகம் வரும். இந்தத் தடவை நானும் என் வீட்டுக்காரரும் வனத்துறை நடத்தும் மூங்கில் தெப்பத்தில் போய்வந்தோம்.

முதலில் காட்டுக்குள் நடை. அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணி உறை தருகிறார்கள். பிறகு தெப்பம். பெரிய ஏரிதான், ஆனால் உள்ளே போகப்போக ஓடை மாதிரி ஒடுங்குகிறது. துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கரையில் குட்டியோடு மேய்ந்த யானைகள் எங்களைச் சட்டை செய்யவேயில்லை!

தண்ணீருக்குள் மொட்டை மரங்கள் நிற்கின்றன. 1895-ல் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையால் மூழ்கிய காடு அது. அந்தத் தண்ணீர்தான் நம் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கும் பாய்கிறது.

எங்கள் வழிகாட்டி ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணா மரத்தின் பட்டையை உரித்தவராம். மசாலாவுக்குப் போகும் பட்டைதான்! 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை இப்படிப்பட்டவர்களைக் கூப்பிட்டு, காவலும் வழிகாட்டும் வேலையும் கொடுத்தது.

"அப்பல்லாம் எப்போ பிடிப்பாங்களோன்னு வீட்டுல யாரும் தூங்க மாட்டாங்கம்மா. இப்போ நான் காட்டுல ராக்காவல் இருந்தாலும் அவங்க நிம்மதியாத் தூங்குறாங்க" என்றார்.

மரம் பிழைத்தது, ஒரு குடும்பமும் பிழைத்தது. நாம் கொடுக்கும் கட்டணத்துக்கு இதைவிட நல்ல செலவு உண்டா?

போகிறவர்கள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பச்சை, பழுப்பு நிற உடை நல்லது. தொப்பியும் குடிதண்ணீரும் மறக்க வேண்டாம். பேச்சை மட்டும் கரையிலேயே விட்டுவிடுங்கள்!