எண்பதாம் ஆண்டுக்கு முன்



இந்த வாரத் தியானத்திற்கு உங்கள் வேதாகமத்தோடு இன்னொரு ஆவணத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இலண்டனில் ஃப்ளாட் வாங்கிக் குடியிருக்கிறவர்களின் அலமாரியில், சொலிசிட்டர் அனுப்பிய உறைக்குள் அது இருக்கும். நம் சபையில் யாழ்ப்பாணத்தார் அதை உறுதி என்பார்கள். திருநெல்வேலியார் பத்திரம் என்பார்கள். உண்மையில் அது ஒரு லீஸ், அதாவது நெடுங்காலக் குத்தகை. சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு நிலத்தில் பிரிபடாத பங்கு ஒன்று பதிவாகும். இங்கே பெரும்பாலான ஃப்ளாட்டுகளுக்கு அப்படி இல்லை. கட்டடமும் நிலமும் ஃப்ரீஹோல்டருக்கு உரியவை. நீங்கள் விலைகொடுத்து வாங்கியது குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள ஆண்டுகளை மட்டுமே. அடமானக் கடனை அடைத்து முடித்தாலும் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வரும்.

இதை எழுதத் தூண்டியவர் நம் சபைச் சகோதரி ஒருவர். கணவரை இழந்தவர், முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து கடனைக் கட்டிவருகிறார். அவருடைய லீஸ் 2006 டிசம்பர் 25ஆம் தேதி தொடங்கியது. காலம் 99 ஆண்டுகள். (இங்கிலாந்தில் குத்தகைகள் தொடங்கும் காலாண்டு நாட்கள் மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்பவை. மரியாளுக்கு நற்செய்தி சொல்லப்பட்டது, யோவான் ஸ்நானன் பிறந்தது, மிகாவேல் தூதனுடைய திருநாள், கிறிஸ்து பிறப்பு ஆகியவற்றைத் திருச்சபை நினைவுகூரும் நாட்களிலேயே வாடகைக் கணக்கையும் வைத்துக்கொண்டார்கள்.) ஆகவே 2025 கிறிஸ்துமஸ் அன்று அவருடைய லீஸில் சரியாக 80 ஆண்டுகள் மீதமிருக்கும்.

அந்த எண்ணைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1993ஆம் ஆண்டின் சட்டப்படி, லீஸை நீட்டிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மீதமுள்ள காலத்தோடு 90 ஆண்டுகள் சேரும்; தரை வாடகை ஒரு மிளகளவாகும். ஆம், நம் ரசத்தில் மிதக்கும் அதே மிளகுதான்; ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல ஆங்கிலச் சட்டம் தேர்ந்துகொண்ட சொல் அது. இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். 80 ஆண்டுகளுக்கு மேல் மீதமிருந்தால் அந்த விலை ஓரளவு தாங்கக்கூடியது. எண்பதைத் தொட்டுவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' என்ற ஒன்று கூடுகிறது. லீஸ் நீள்வதால் கிடைக்கும் கூடுதல் மதிப்பு 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியாகிய 10,000 ஃப்ரீஹோல்டருக்குப் போகும். பெயரில் திருமணம் இருக்கிறதேயன்றி, அந்தச் செலவில் விருந்து கிடையாது!

"புதுச் சட்டம் வரப்போகுதாம் பாஸ்டர், கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார் சகோதரி. அவர் கேள்விப்பட்டது பொய்யன்று. 2024 மே மாதம் அரச ஒப்புதல் பெற்ற சட்டம் மேரேஜ் வேல்யூவை நீக்குகிறது. 90 ஆண்டுகளுக்குப் பதிலாக 990 ஆண்டுகளைத் தருகிறது. ஃப்ரீஹோல்டரின் வழக்குச் செலவைப் பெரும்பாலும் அவரையே ஏற்கச் சொல்கிறது. ஆனால் இதை எழுதும் நாள்வரை இந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வரவில்லை. வீட்டை வாங்கி இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி மட்டும் 2025 ஜனவரி 31 முதல் நீங்கியிருக்கிறது. ஏற்கெனவே அறுபதோ எழுபதோ ஆண்டுகள் மட்டும் மீதமுள்ளவர்கள் பொறுத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கலாம்; அதை மதிப்பீட்டுச் சர்வேயரிடம் கேளுங்கள். எண்பதின் வாசற்படியில் நிற்கிறவர் காத்திருப்பது வேறு காரியம். இன்று இல்லாத ஒரு சுமை, காத்திருக்கும்போதே அவர் தோளில் ஏறிவிடும்.

இதற்கும் வேதத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். யூபிலி ஆண்டுவரை எத்தனை அறுவடைகள் மீந்திருக்கின்றனவோ அந்தக் கணக்கின்படியே நிலத்திற்கு விலை வைக்கும்படி 15, 16ஆம் வசனங்கள் கட்டளையிடுகின்றன. ஆண்டுகள் மிகுதியானால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். விற்கப்படுவது நிலமன்று, பலன்களின் தொகை. இறையியல் கல்லூரியில் இந்த அதிகாரத்தை எபிரெயத்தில் படித்தபோது, இது இலண்டன் சர்வேயர் போடும் கணக்கு என்று எனக்குத் தெரியாது.

ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. இஸ்ரவேலில் ஆண்டுகள் ஓடியது, நிலத்தை இழந்த குடும்பத்திடம் அது திரும்புவதற்காக. இங்கே ஆண்டுகள் ஓடுவது, பெரிய உடைமைக்காரரிடம் வீடு திரும்புவதற்காக. மேலும் அதே அதிகாரத்தின் 29, 30ஆம் வசனங்களைப் பாருங்கள். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு யூபிலியின் பாதுகாப்பு இல்லை. விற்றவர் ஒரு வருஷத்திற்குள் மீட்க வேண்டும். தவறினால் அது வாங்கினவருக்கே நிலைத்துவிடும். நகரத்து வீட்டுக்கு அன்றும் கெடு இருந்தது.

"நாம் பூமியில் பரதேசிகள்தானே, வீட்டைப்பற்றி ஏன் இத்தனை கவலை?" என்று பக்தியோடு சொல்லுகிற சிலரைச் சந்திக்கிறேன். 23ஆம் வசனத்தையே அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த வசனம் நிலத்தை நிரந்தரமாக விற்பதைத் தடுக்கும் வசனம் என்பதை மறந்துவிடுகிறார்கள். தேசம் கர்த்தருடையதாகையால், ஒருவனுடைய நெருக்கத்தைப் பயன்படுத்தி அவன் பங்கை என்றென்றைக்கும் எடுத்துக்கொள்ள எவனுக்கும் அதிகாரமில்லை என்பதே அதன் நோக்கம். வலியவனுக்கு எல்லை வகுத்த வார்த்தையைக்கொண்டு ஒரு விதவையை வாளாவிருக்கச் சொல்வது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

எரேமியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது, அவர் காவலில் இருக்கிறார். அப்போது ஆனதோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக மண்பாண்டத்தில் வைக்கச் செய்கிறார். தீர்க்கதரிசியின் விசுவாசம் காகித வேலையை அற்பமாக எண்ணவில்லை.

சகோதரிக்கு இரண்டாவது சோதனை ஒரு கடித வடிவில் வந்தது. அவருடைய ஃப்ரீஹோல்டர் நிறுவனம் சட்ட நடைமுறைக்கு வெளியே, விரைவாக நீட்டித்துத் தருவதாக எழுதியிருந்தது. தொகை குறைவுதான். ஆனால் பழைய லீஸின் மீதிக் காலம் முழுவதற்கும் தரை வாடகை தொடரும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சட்டப்படி நீட்டித்தால் அந்த வாடகை உடனே நின்றுவிடும். இத்தகைய எல்லாக் கடிதங்களும் தீயவை என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்தை வாசியுங்கள் என்கிறேன்.

விலை மதிப்பிடப்படும் நாள், நோட்டீஸ் கொடுக்கப்படும் நாளே. பேச்சுவார்த்தை ஓராண்டு நீண்டாலும் கணக்கு அந்த நாளில் நின்றுவிடும். எதிர்நோட்டீஸ் கொடுக்க ஃப்ரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். விலையில் ஒத்துப்போகாவிட்டால், எதிர்நோட்டீஸ் வந்த ஆறு மாதத்திற்குள் தீர்ப்பாயத்திற்கு விண்ணப்பிக்கலாம். இப்போதைய சட்டப்படி அவர்கள் தரப்பின் நியாயமான சொலிசிட்டர், சர்வேயர் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். நோட்டீஸில் பிழை இருந்தால் அது செல்லாமற் போகலாம். எனவே இந்த வேலையில் பழக்கமுள்ள சொலிசிட்டரை நாடுங்கள். அரசாங்க நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது.

சகோதரி இப்போது சர்வேயரின் அறிக்கைக்காகக் காத்திருக்கிறார். நவம்பர் முடியுமுன் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். அவருக்காக ஜெபியுங்கள். உங்கள் லீஸ் எந்த நாளில் தொடங்கியது, எத்தனை ஆண்டு என்று தெரியாதவர்கள் சனிக்கிழமை ஜெபக் கூட்டத்திற்கு வரும்போது அதைக் கொண்டுவாருங்கள். விவரங்கள் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும். தேநீர் நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.