யாளிப் பக்கமும் ஒரு துண்டு ரப்பரும்

ஆம்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் பிழைப்புக்காகப் போவார்கள். நான் போனது டிராகன்களுக்காக. பள்ளிப் படிப்பு முடிந்திருந்த அந்த 2006-ஆம் ஆண்டில், டிராகன்களைப் பற்றித் தமிழில் ஒரு இணையதளம் நடத்த வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. மழைக்கும் ஆற்றுக்கும் அதிபதியான சீன டிராகன், தீ கக்கும் ஐரோப்பிய டிராகன், 1912-இல் அறிவியல் பெயர் பெற்ற இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன், மேற்குத் தொடர்ச்சி மலையில் மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் பறக்கும் ஓணான், இவற்றுக்கு நடுவில் நம்முடைய யாளி. எல்லாம் என் நோட்டில் இருந்தன. வீட்டில் கம்ப்யூட்டர்தான் இல்லை. பஜார் பக்கம் ஒரு மாடியில் சர்வீஸ் கடை வைத்திருந்த பாயிடம் போய்க் கேட்டேன். "பகல்ல வேலை கத்துக்கோ தம்பி, சாயந்திரம் ஒரு மெஷின் உனக்கு" என்றார்.

முதலில் கிடைத்தது தூசி தட்டும் வேலை. எங்கள் ஊர்த் தூசி சாதாரணமானதல்ல. தோல் பதனிடும் டேனரியின் பஃபிங் பிரிவில் தோலை உப்புத்தாளில் தேய்க்கும்போது கிளம்பும் பொடி, மாவைவிட மென்மையாக இருக்கும். அது மின்விசிறியின் எண்ணெய்ப் பசையில் ஒட்டி, கம்பளி போல அடர்ந்துவிடும். நான் புளோயரை நேராகக் காட்டினேன். விசிறி விர்ரென்று சுழன்றது, எனக்கு ஒரே சந்தோஷம். பாய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "இறக்கையை ஒரு விரலால பிடி, அப்புறம் ஊது. அது ஓட வேண்டிய வேகம் வேற, நீ ஓட்டுற வேகம் வேற." இறக்கையைப் பிடித்த விரலில் காற்றின் தள்ளல் தெரிந்தது. பிடிக்காமல் விட்டால் அந்தத் தள்ளல் முழுவதும் அச்சுக்குப் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது ரேம். கம்ப்யூட்டர் அந்தந்த நேரத்து வேலையை வைத்துக்கொள்ளும் ஒரு சின்னப் பலகை. அதன் விளிம்பில் பொன்னிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டும் செருகும் இடத்திலுள்ள மேடும் பொருந்தாவிட்டால் பலகை உள்ளே இறங்காது. இரண்டு கட்டைவிரலும் சமமாக அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் தாமே எழுந்து 'டக்' என்று பிடிக்கும். நான் ஒரு பக்கத்தை முதலில் அழுத்துவேன், மறுபக்கம் மயிரிழை தூக்கி நிற்கும். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், ஆனால் மெஷின் பீப் பீப் என்று கத்தும். "கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றார் பாய். சத்தம் காதுக்கும் அழுத்தம் விரலுக்கும் பழகும் வரை அவர் விடவில்லை.

சாயந்திரங்கள் எனக்குரியவை. நோட்பேடில் பக்கங்களை எழுதினேன். யாளிக்கான கட்டுரை மிக நீளமானது. சிங்க உடல், சிலவற்றுக்கு யானைத் துதிக்கை, சங்கப் பாடல்களில் யானையை வேட்டையாடும் ஆளி என்று தேடித் தேடித் தட்டினேன். சேமிக்கும்போது திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி வந்தது. ஓகே அழுத்தினேன். மறுநாள் திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள். தமிழ் எழுத்தை ஏற்காத ஆன்சி முறையில் சேமித்திருக்கிறேன். யூனிகோடு எழுத்துகள் அழிந்துபோகும் என்றுதான் அந்தப் பெட்டி முன்கூட்டியே சொல்லியிருந்தது. கேள்விக்குறியாக மாறிய எழுத்தைத் திரும்பப் பெற வழியே இல்லை. பாயிடம் காட்டினேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. "மெசேஜைப் படிக்காம ஓகே அழுத்துற கையில நான் ஸ்க்ரூடிரைவர் தரமாட்டேன்" என்றார். அன்று முதல் திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் நான் உரக்கப் படித்து, தமிழில் பொருள் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகே அழுத்த வேண்டும் என்று ஆனது. வாடிக்கையாளர்கள் முன்னாலும் அப்படித்தான். கூச்சத்தில் குரல் அடைத்துக்கொள்ளும்.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஷூ கம்பெனி கணக்குப்பிள்ளை பென் டிரைவ் கொண்டுவந்தார். கூலிக் கணக்கு முழுவதும் அதில். செருகியதும், வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று கேட்டது பெட்டி. பழக்கத்தில் உரக்கப் படித்தேன். படித்ததும் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு பாயைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து கோப்புகளை மீட்கும் மென்பொருளைப் போட்டார். கூலிக் கணக்கு கிடைத்தது. அன்று டீ அவர் வாங்கிக் கொடுத்தார்.

யாளிப் பக்கத்துக்குப் படம் வேண்டி வேலூர் போனேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். முன்னங்கால் தூக்கிய யாளிகள் தூண்தோறும் பாய்ந்து நிற்கின்றன.  எடுத்துவந்து தளத்தில் ஏற்றியபோது படங்கள் தெரியவில்லை. கடை மெஷினில் தெரிந்தன. கேமரா, கோப்புப் பெயரின் ஈற்றை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது, நான் பக்கத்தில் சின்ன எழுத்தில் தட்டியிருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், தளம் இருந்த சர்வர் பார்க்காது.

எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது ஒரு டேனரி ஆபீஸ் மெஷினால்தான். திரை வராது. ரேமைக் கழற்றி, பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் நீளவாக்கில் லேசாகத் தேய்த்து மாட்டினால் ஓடும். சில வாரத்தில் திரும்பி வரும். நான் ரேமை மாற்றினேன், பிறகு பவர் சப்ளையை மாற்றினேன். மறுபடியும் வந்தது. அவர்களுக்கு முகம் காட்டவே சங்கடமாகிவிட்டது. பாய் என்னை அழைத்துக்கொண்டு நேரே அங்கே போனார். மெஷினைத் தொடவில்லை. "என்ன வாசனை வருது?" என்றார். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு டிரம்கள். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அதிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை நாற்றம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே கணக்கு எழுதும் அக்காவின் கொலுசைப் பார்த்தேன். கறுத்துப்போயிருந்தது. வெள்ளியைக் கறுக்க வைக்கும் அதே வாயு, பட்டையின் மெல்லிய தங்கப் பூச்சிலுள்ள நுண்துளைகள் வழியே அடியிலிருக்கும் செம்பைத் தின்றுகொண்டிருந்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை, நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொன்னேன். மெஷினை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றி, அந்த ஜன்னலை மூட வைத்தோம். அதன்பின் அது திரை வரவில்லை என்று கடைக்கு வரவில்லை.

அன்றிரவே அதைத் தளத்தில் எழுதினேன். டிராகன்களுக்கு அடுத்து 'கம்ப்யூட்டர் கோளாறுகள்' என்ற பகுதி அப்படித்தான் பிறந்தது. என் தளம் குடியிருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, எல்லாப் பக்கங்களும் பாய் சொல்லி நான் எழுதிவைத்த சிடியில் பத்திரமாக இருந்தன.

டேனரிப் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதிரிபாகம் வாங்கும் முன் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊர்க் கோயில் தூணில் யாளி இருந்தால் படமெடுத்து, எந்த மண்டபம், எத்தனையாவது தூண் என்று குறித்து வையுங்கள். கோப்பின் பெயர் சின்ன எழுத்திலேயே இருக்கட்டும்.