ஒரே கல்லறையில் இருவர்

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையை அறியாத தமிழ் மாணவர் நம்மில் இல்லை. வடக்கிருந்த சோழன், தான் நேரில் கண்டிராத பாண்டிநாட்டுப் புலவருக்காகத் தன் அருகே இடம் ஒதுக்கச் சொன்னான். புலவரும் வந்தார், உடன் உயிர் துறந்தார். நட்பு அதிகாரத்தின் உரையில் பரிமேலழகர் இவர்களையே சான்று காட்டுகிறார்.

இவர்களை நினைவூட்டும் இருவர் இத்தாலியிலும் உண்டு. பிக்கோ தெல்லா மிராந்தோலா மறுமலர்ச்சிக் காலத் தத்துவ அறிஞர். 1486-இல், தமது 23-ஆம் வயதில், 900 கருத்துரைகளை வெளியிட்டு, ரோமில் வாதிட வருமாறு அறிஞர்களை அழைத்தவர். போப்பாண்டவர் அந்த வாதத்தைத் தடுத்துவிட்டார். மனிதன் தன்னைத் தானே செதுக்கிக்கொள்ளும் உரிமை உடையவன் என்பது பிக்கோவின் கொள்கை.

கவிஞர் ஜிரோலமோ பெனிவியேனி அவருடைய உயிர்த்தோழர். காதலைப் பற்றி அவர் பாடிய பாடலுக்குப் பிக்கோ உரை எழுதினார். 1494-இல் பிக்கோ 31 வயதில் மறைந்தார். பெனிவியேனியோ 89 வயதுவரை வாழ்ந்து, 1542-இல் பிளாரன்ஸ் நகரின் சான் மார்கோ தேவாலயத்தில் நண்பரின் கல்லறைக்கே போய்ச் சேர்ந்தார். வாழ்வில் அன்பு இணைத்தவர்களின் எலும்புகளைச் சாவு பிரிக்கக் கூடாது என்பதே அங்குள்ள கல்வெட்டின் கருத்து.

அந்த அன்பு நட்பா, காதலா? ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆணுக்கு ஆண் கொள்ளும் உறவை விசாரித்துத் தண்டிப்பதற்கென்றே 1432 முதல் 1502 வரை 'இரவு அதிகாரிகள்' என்ற மன்றத்தை நடத்திய நகரம் அது. அங்கே யார் வெளிப்படையாக எழுதி வைப்பார்?

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், பத்து பெரண்டாமில் என்னோடு வளர்ந்த நண்பன். தான் ஆண்களையே விரும்புவதை என்னிடம் மட்டும் சொன்னவன். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், தீபாவளிக்கும் வருவதில்லை. நம் குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இத்தகைய உறவுக்கு 20 ஆண்டுவரை சிறை என்கின்றன. அதைவிட அவன் அஞ்சுவது அம்மாவின் கண்ணீருக்கு.

"தம்பி, நீ சொன்னா அவன் கேப்பான். ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கச் சொல்லுப்பா," என்று என்னைக் காணும்போதெல்லாம் அந்த அம்மா கேட்கிறார். நான் தலையாட்டுவதோடு சரி. உண்மையைச் சொல்ல வேண்டியவன் அவன், நான் அல்லன்.

"சோழன் பக்கத்துல இடம் போட்டு வெச்சான். எங்க வீட்டுல எனக்கு அப்படி ஒரு இடம் இருக்குமாடா?" என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டான்.

சோழனும் புலவரும் காதலர் என்று நான் சொல்ல வரவில்லை. இலக்கியம் சொல்லாததை நாம் திணிக்க வேண்டாம். ஆனால், வருவான் என்று நம்பி இடம் ஒதுக்கிய மனத்தை ஆண்டுதோறும் மேடையில் புகழ்கிறோமே, நண்பர்களே! அதே மனம் நம் வீட்டுப் பந்தியிலும் இருக்க வேண்டாமா?