சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்பவர்களுக்கு

அன்புள்ள மெல்லிசைக் குழு நண்பர்களே,

ஜொகூரின் ஸ்கூடாயிலும் அக்கம்பக்கத்துத் தாமான்களிலும் நடக்கிற கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து நிற்கும் அறிவிப்பாளன் நான். கூட்டத்திலிருந்து வரும் பாட்டுச் சீட்டுகள் முதலில் என் கைக்கு வரும். பிறகு கீபோர்டு மேல் போய் உட்காரும். அதற்கப்புறம் உங்களுக்குள் நடப்பது மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்திலேயே நிற்பதால் எனக்குத் தெரியும். அதனால் நன்றி சொல்லும் வேலையையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

சீட்டு என்றால் நல்ல தாள் என்று நினைக்க வேண்டாம். டிஷ்யூ, அங்பாவ் உறையின் பின்பக்கம், இப்போதெல்லாம் வாட்ஸ்அப். பாதிப் பேருக்குப் பாட்டின் முதல் வரி நினைவில் இருக்காது. “எம்ஜிஆர் குதிரையில வருவாரே, அது” என்பார் ஒரு பெரியவர். எம்ஜிஆர் எத்தனை படத்தில் குதிரை ஏறினார்! நீங்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. “கூட யாரு, சரோஜாதேவியா ஜெயலலிதாவான்னு கேட்டுட்டு வாங்கண்ணே” என்று என்னைத் திருப்பி அனுப்புவீர்கள். இரண்டு நடையில் பாட்டு அகப்பட்டுவிடும்.

அகப்பட்டால் மட்டும் போதுமா? டி.எம்.எஸ். பாடிய உச்சம் எல்லாத் தொண்டைக்கும் எட்டாது. அதுவும் பகலெல்லாம் சிங்கப்பூரின் துவாஸில் வேலை பார்த்துவிட்டு, இரண்டாம் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்று வந்த தொண்டைக்கு. பாடகர் முதுகுக்குப் பின்னால் ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டுவார். கீபோர்டுக்காரர் ஒரு கட்டை இறக்கி முன்னிசையை ஆரம்பிப்பார். கேட்ட பெரியவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். அவருக்கு அது அதே பழைய உயரம்தான். முழுசாகத் தெரியாத பாட்டென்றால் பல்லவி, ஒரு சரணம், அதோடு அதே தாளத்தில் வேறொரு பாட்டுக்குள் நுழைந்துவிடுவீர்கள். இரண்டாவது சரணம் எங்கே என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

மைனஸ் ஒன், அதாவது குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவு, போட்டுப் பாடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு குழுவுக்கே கொடுக்க வசதியில்லாத வீட்டுக்கு ஒரு பாடகரும் ஒரு மடிக்கணினியும் வரப்பிரசாதம். ஆனால் மைனஸ் ஒன்னுக்கு மண்டபத்தைப் பார்க்கத் தெரியாது. மணமக்கள் திடீரென்று வாசலுக்கு வந்துவிட்டால் தானாக முடித்துக்கொள்ளாது. மாப்பிள்ளையின் பாட்டி எழுந்து ஆட ஆரம்பித்தால் இன்னும் நாலு சுற்று இழுத்துப் பிடிக்காது. டிரம்ஸ்காரர் செய்வார். பாட்டி உட்காரும்வரை செய்வார்.

மலேசியா வாசுதேவன் பாட்டைக் கேட்கிறவர்கள் இங்கே பாதி உரிமையோடுதான் கேட்பார்கள். இந்த மண்ணில் பிறந்து, மெட்ராசுக்குப் போய், 1977இல் ‘16 வயதினிலே’யின் ஆட்டுக்குட்டிப் பாட்டால் வீடுதோறும் நுழைந்தவர். அவர் மறைந்தது 2011இல். சீட்டுகள் இன்னும் நிற்கவில்லை. ஒருமுறை பெண்ணின் சித்தப்பா ‘முதல் மரியாதை’ படத்தில் அவர் பாடிய சோகப் பாட்டைக் கேட்டு எழுதியிருந்தார். கல்யாண வீட்டில் சோகப் பாட்டா என்று எனக்கே சங்கடம். ஆனால் சீட்டின் அடியில் காரணமும் இருந்தது. இறந்துபோன அண்ணன், அதாவது பெண்ணின் அப்பா, தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து அதைத்தான் பாடிக்கொண்டிருப்பாராம்.

கீபோர்டுக்காரர் படித்தார். மற்றச் சீட்டுகளோடு வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அப்புறம் பாடுறோம்னு சொல்லுங்கண்ணே.” தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கேக் வெட்டினார்கள், சாப்பாடு முடிந்தது, மேசை மேசையாகப் படம் எடுத்தார்கள், கூட்டம் கிளம்பியது. நாற்காலி அடுக்கும் சத்தத்துக்கு நடுவே குடும்பம் மட்டும் மேடைக்கு முன்னால் நின்றபோது சட்டைப்பையிலிருந்து சீட்டு வெளியே வந்தது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, கீபோர்டும் ஒரு குரலும்தான். எட்டு மணிக்கே மண்டபம் நிறைந்திருந்தபோது பாடியிருந்தால் அந்தப் பெண் அத்தனை பேருக்கு முன்னால் அழுதிருப்பாள். வீடியோக்காரர் அதைக் கிட்டே போய்ப் பிடித்திருப்பார். கேட்ட நேரத்தில் பாடாததற்காக உங்களுக்கு என் முதல் நன்றி.

‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. ஐம்பது வெள்ளியை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்து, அதே குத்துப் பாட்டை மூன்றாம் தடவை கேட்கும் மாமாக்கள் இல்லாத கல்யாணம் ஏது? “மாமா, இதைப் பொண்ணு கையில கொடுங்க, சந்தோஷப்படும்” என்று நோட்டைத் திருப்பிக் கையில் வைத்துவிடுவீர்கள். மாமா நேராக மணமகளிடம் போவார், பாட்டை மறந்துவிடுவார். கோயில் திருவிழா மேடையில் பையன்கள் சினிமாக் குத்து கேட்டால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒன்று கிளம்பும். கால்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை. கோயில் தலைவர் முகமும் கோணாமல் இருக்கும்.

கேட்ட பாட்டைப் பாட முடியாத சங்கடம் பெரிய மேடைகளுக்கும் உண்டு. 2017 மார்ச்சில் அமெரிக்கப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது: அனுமதி இல்லாமல் ராஜாவின் பாடல்களை மேடையில் பாடக் கூடாது. எஸ்.பி.பி. அதை ரசிகர்களிடம் முகநூலில் சொல்லிவிட்டு, மற்றவர்கள் இசையமைத்த பாடல்களோடு பயணத்தைத் தொடர்ந்தார். உரிமை விஷயத்தில் இசையமைத்தவர் பக்கம் நியாயம் உண்டு என்பது என் கட்சி. ஆனாலும் ராஜா பாட்டுக்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் எஸ்.பி.பி. நின்றதை நினைத்தால், மைக் பிடிக்கிறவன் என்ற முறையில் எனக்கு வியர்க்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கல்யாணங்களில் ஒரு மூலையில் மலாய், சீன நண்பர்கள் இரண்டு மூன்று மேசைகள் உட்கார்ந்திருப்பார்கள். யூடிஎம் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவர்கள், தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர்கள். அவர்களிடமிருந்து சீட்டு வராது, கேட்கக் கூச்சம். கேட்காமலேயே அவர்கள் பக்கம் திரும்பி அலிகேட்ஸ் பாட்டு ஒன்றை எடுத்துவிடுவீர்கள். அந்தக் குழுவின் பினாங்கு ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் கிளப்புகளில் அடுத்தவர் பாட்டைப் பாடித்தான் வளர்ந்தார்கள். பிறகு நாடே பாடிய மலாய்ப் பாட்டுகள் அவர்களுடையவை ஆயின. லோகநாதன் 2007இல் போய்விட்டார். அந்த மேசைகளோ இன்றைக்கும் முதல் வரியிலேயே கூடப் பாட ஆரம்பித்துவிடும். நம் பெரியம்மாக்களும் சேர்ந்துகொள்வார்கள். வராத சீட்டைப் படிக்கும் வித்தையை யாரிடம் கற்றீர்கள்?

சாப்பாட்டு விஷயம். கடைசிப் பாட்டு முடிந்து, ஒயரெல்லாம் சுற்றி வைத்த பிறகுதான் உங்களுக்கு இலை போடுகிறார்கள். அதற்குள் பிரியாணியில் கறி தீர்ந்து, சோறும் ஆறிவிடுகிறது. எனக்குப் பழக்கமான மண்டபங்களில் சமையல் ஆட்களிடம் பேசிவிட்டேன். இனிமேல் விருந்தாளிகள் உட்காருவதற்கு முன்பே, ஏழு மணிக்கு, மேடைக்குப் பின்னால் உங்களுக்குப் பந்தி. தொண்டைக்கு வெந்நீரும் சொல்லியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு சவுண்ட் செக் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
சீட்டு கொண்டுவரும் அறிவிப்பாளன்
ஸ்கூடாய்